எந்தப் பக்கத்து வெயில்

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குள் வான்மதி நாலு தடவை தேநீர் போட்டு, நாலையும் குடிக்காமல் ஆறவிட்டிருந்தாள். லண்டன் செவன் கிங்ஸ் வீட்டில் முன்னறைக்கும் குசினிக்குமாக அவள் நடந்த நடைக்குக் கணக்கே இல்லை. சோபாவில் இருந்த கணவர் நவரத்தினத்துக்குத் தலையைத் திருப்பித் திருப்பிக் கழுத்தே நொந்துவிட்டது.

"கொஞ்சம் இரும் வான்மதி. நீர் நடந்தா அவன் வந்திடுவானே?"

"உக்காந்தா மட்டும் வந்துடுவானா?"



அவள் தம்பி பரமேஸ்வரன் மலேசியக் காட்டில் காணாமல் போய் இது மூன்றாம் நாள். ஈப்போவில் பள்ளி ஆசிரியன். லீவு விட்டால் போதும், மூட்டையைக் கட்டிக்கொண்டு மலையேறக் கிளம்பிவிடுவான். இந்த முறை தித்திவங்சா மலைத்தொடரில், உச்சியில் மூடிய மூடுபனியில், கூட வந்தவர்களைத் தவறவிட்டுவிட்டான்.

மேசையில் மடிக்கணினி திறந்தே கிடந்தது. தீபகற்பத்துக்கு முதுகெலும்பு போல வடக்கும் தெற்குமாக ஓடும் அந்த மலையை அவள் மூன்று நாளாக அங்குலம் அங்குலமாகப் பார்த்துவிட்டாள். மேலே பாசி மூடிய குட்டை மரங்கள், கீழே பிரம்பு முள்ளும் அட்டையும். மேற்கே இறங்கும் ஓடைகள் பேராக்கின் சுண்ணாம்புக் குன்றுகளைத் தாண்டி மலாக்கா நீரிணைக்குப் போகின்றன. கிழக்கே இறங்குபவை கிளந்தான் காட்டைச் சுற்றிச் சுற்றித் தென்சீனக் கடலுக்குப் போகின்றன. உச்சியில் இரண்டும் பிறக்கும் இடங்களுக்கு நடுவே பத்து எட்டு வைக்கும் தூரம்கூட இல்லை.

லண்டனில் ஒரு தண்ணீர்க் கம்பெனியில் குழாய் வரைபடம் பார்ப்பவள் அவள். அந்த மிதப்பில்தான் போன வருடம் தம்பிக்குப் புத்தி சொன்னாள்: வழி தப்பினால் தண்ணி ஓடுற பக்கமே இறங்கு, கீழே யாராவது இருப்பாங்க. கிழக்கா மேற்கா என்று சொல்ல அவளுக்குத் தோன்றவே இல்லை.

அவன் கடைசியாக அனுப்பியது ஒரு குரல் செய்தி. அதை நூறு தடவை கேட்டிருப்பாள். மறுபடியும் போட்டாள்.

"அக்கா, வழி தவறிட்டேன். பேட்டரி போகப்போவுது. பயப்படாத, ஒரு ஓடை கிடைச்சிருச்சு, நீ சொன்ன மாதிரியே இறங்குறேன். நேரா கண்ணுல வெயில் குத்துது, ஒண்ணும் தெரியல…"

அதோடு சரி. தேடும் குழுவும் ஹெலிகாப்டரும் மேற்குச் சரிவைத்தான் சல்லடை போட்டுச் சலித்துக்கொண்டிருந்தன. சாயங்கால வெயில் முகத்தில் அடித்தால் ஆள் மேற்கே அல்லவா போயிருக்க வேண்டும்!

அவள் மறுபடி எழுந்து ஜன்னலுக்குப் போனாள். எதிர்வீட்டுக் கூரைக்கு மேலே வந்த சூரியன் பளீரென்று முகத்தில் அடித்தது.

"உந்தக் கர்ட்டினை இழுத்துவிடும், காலமை வெயில் கண்ணுக்க குத்துது" என்றார் நவரத்தினம்.

கர்ட்டினில் வைத்த கை அப்படியே நின்றது. பாய்ந்து வந்து கைபேசியை எடுத்தாள். தம்பியின் செய்தி வந்த நேரம் ஒன்று நாற்பது. லண்டனில் நடுச்சாமம், அவள் நல்ல தூக்கம். அங்கே காலை எட்டு நாற்பது! அன்று காலையில் எழுந்து பார்த்தபோதும் கேட்கவில்லை. தம்பி எப்போதும் நீட்டி முழக்குவான், ஆபீசில் பத்து மணி டீக்குக் கேட்கலாம் என்று விட்டுவிட்டாள். கேட்டதும் பதறிப்போய் அவன் மனைவி எமில்டாவுக்கு அப்படியே தள்ளிவிட்டாள், எப்போது வந்தது என்று ஒரு வார்த்தை சொல்லாமல். எமில்டாவுக்கு அது போய்ச் சேர்ந்தபோது அங்கே மாலை ஐந்து மணி.

"ஐயோ, அது காலை வெயிலுங்க! அவன் கிழக்க இறங்கியிருக்கான்!"

நவரத்தினத்துக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் எழுந்து நின்றுவிட்டார். "உடனே எடும். அங்க இருட்ட இன்னும் மூண்டு மணித்தியாலம்தான் இருக்கு."

எமில்டா தேடும் குழுவோடு மலையடிவாரத்தில்தான் இருந்தாள். வான்மதி சொன்னதை முழுதும் கேட்டாள்.

"அஞ்சு மணி வெயில்னு நான்தானே அண்ணி அவங்ககிட்ட சொன்னேன்" என்று அழுதாள். "ரெண்டு நாளு அண்ணி!"

"தப்பு என்னுதுதான். அழாத, முதல்ல ஓடு, போய்ச் சொல்லு."

அதற்குப் பிறகு போன பொழுதை எந்த எதிரிக்கும் கொடுக்கக் கூடாது. வான்மதி நடந்தாள். இந்த முறை நவரத்தினமும் கூடவே நடந்தார்.

மறுநாள் காலை எமில்டா கூப்பிட்டாள். கிளந்தான் பக்கம் ஒரு ஓடைக்கரையில், கால் முறிந்து கிடந்தவனை ஒராங் அஸ்லி பழங்குடி ஆட்கள் கண்டெடுத்துத் தூக்கி வந்திருந்தார்கள். உயிரோடு! எமில்டா போனை அவன் காதில் வைத்தாள்.

"அக்கா" என்றான் தம்பி, காய்ந்த தொண்டையால். "ரெண்டு நாளா ஹெலிகாப்டர் சத்தம் கேட்டுச்சு. எல்லாம் மலைக்கு அந்தப் பக்கம். கத்திக் கத்திப் பார்த்தேன். ஏன் இந்தப் பக்கம் வரவே இல்ல?"

மழுப்பியிருக்கலாம். அவளுக்கு மனசு வரவில்லை.

"நான்தான்டா அந்தப் பக்கம் அனுப்பினேன்" என்று எல்லாவற்றையும் சொன்னாள், பத்து மணி டீ உட்பட.



"சரி விடுக்கா" என்றான். "இனிமே நான் அனுப்பினா அப்பவே கேளு."