ஒன்பதாவதாக ஒரு ஜன்னல்

வீட்டைக் கட்டிப் பார் என்று சொல்லி வைத்தவர்கள், கட்டும்போது யார் யாரெல்லாம் வந்து பார்ப்பார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். நத்தம் ரோட்டில் மனை வாங்கி நாங்கள் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டியதுமே, எழுமலையிலிருந்து என் மூத்தார், அதாவது வீட்டுக்காரரின் அண்ணன் சிவனாண்டி, யோசனை சொல்ல வந்து இறங்கினார். அவர் பின்னாலேயே நாத்தனார் ராக்கம்மாள். மூத்தார் தன் ஆயுசில் கட்டியது ஒரு மாட்டுக்கொட்டம். அதிலும் ஒரு பக்கச் சுவர் பாக்கி.

புது வீட்டில் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். தல்லாகுளத்தில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டுச் சமையலறைக்கு ஜன்னல் கிடையாது. விறகடுப்புப் புகை முழுவதும் என் கண்ணுக்குள்தான் போகும். கல்யாணமான புதிதில், கோர்ட்டில் குமாஸ்தா வேலை முடிந்து வரும் என் வீட்டுக்காரர் வெள்ளைத்துரை, ஏன் அழுகிறாய் என்று கேட்பார். பிறகு கேட்பதை விட்டுவிட்டார். மனைப் பத்திரம் முடிந்த அன்று அவராகவேதான் சொன்னார்.

“சமையக்கட்டுல ஒனக்கு ரோட்டப் பாத்து ஒரு ஜன்னல் வைக்கிறேன், ஒச்சாயி. பஸ்ஸ வேடிக்கை பாத்துக்கிட்டே சோறாக்கு.”

வாய்ச்சொல்லை நம்பி நான் சும்மா இருக்கவில்லை. பழைய வீடுகளைப் பிரித்த மரம் விற்கும் கடையில் ஒரு தேக்கு ஜன்னல் கிடந்தது. சட்டமும் ரெண்டு கதவும் கல்லு மாதிரி இருந்தன. அம்மா போட்ட தோட்டைக் கழற்றி விற்று அதை வாங்கினேன்.

சுவர் இடுப்பளவு எழும்பியதும், ஜன்னலைத் தூக்கி நிறுத்தலாமா என்று கொத்தனார் நல்லகாமன் கேட்டார். அப்போதுதான் மூத்தாருக்கு ஞானம் வந்தது. வீடு முழுக்க நடந்து விரலை மடக்கி எண்ணினார். வாசல்களும் ஜன்னல்களும் சேர்த்து எட்டு. என்னுடையதை வைத்தால் ஒன்பது. ஒற்றைப்படை ஆகாது என்றார். இன்னொன்றைச் சேர்த்துப் பத்தாக்கலாமே என்றேன். கடைசியில் சைபர் வந்தால் குடும்பமும் சைபராகிவிடுமாம். பன்னிரண்டுக்குப் போக மரமும் இல்லை, பெர்மிட்டில் வந்த சிமெண்டும் காணாது. அப்படியானால் முன்னறையில் இருக்கிற ரெண்டு ஜன்னலில் ஒன்றை எடுத்துவிடலாம் என்றேன்.

“வந்தவுக ஒக்காருற எடம், தம்பி. அதுல கை வைக்காத” என்றார் மூத்தார். கேட்டது நான், பதில் தம்பிக்கு.

நல்லகாமன் என் முகத்தைப் பார்த்திருப்பார் போலிருக்கிறது. சட்டம் வைக்காமல் வெறும் ஓட்டையாக விட்டால் கணக்கில் சேராதே என்று மெதுவாக ஒரு வழி சொன்னார். நாத்தனார் விடவில்லை. அடுப்பு ரோட்டுக்குத் தெரிந்தால் கண்பட்டு, உலை கொதிக்காது என்றார். ஓட்டையும் போயிற்று.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அப்பன் செத்த பிறகு அவரைப் படிக்க வைத்தது அண்ணன்தான். வழுக்கை விழுந்தும்கூட அண்ணன் முன்னால் அவர் அரைக்கால் டவுசர்தான். மாடி கட்டும்போது பார்க்கலாம் என்று எனக்கு வாய்தா கொடுத்துவிட்டு, மணல் லாரிக்கு வழிகாட்டப் போய்விட்டார். போகட்டும் என்று விட எனக்கு மனசு வரவில்லை.

நல்லகாமன் செங்கலை வைக்க ஆரம்பித்தார். வேண்டுமென்றே மெதுவாக வைத்தார். யாராவது ஒரு வார்த்தை சொன்னால் நிறுத்திவிடுவார் என்று தெரிந்தது. நான் உள்ளே நின்றுகொண்டிருந்தேன். முதலில் ரோடு மறைந்தது. பிறகு, போகிற பஸ்ஸின் மேற்கூரை மட்டும் தெரிந்தது. கடைசியில் எதிர்ப்புறத்து வேம்பின் உச்சியும் மறைந்து, அறை இருட்டாகிவிட்டது.

பால் காய்ச்சிய அன்று, ஈர விறகு புகைந்ததில் யோசனை சொன்ன அத்தனை பேரும் வெளியே ஓடிவிட்டார்கள். பால் பொங்க வேண்டுமே, நான் மட்டும் நின்றேன். வெளியே இருமிக்கொண்டே நாத்தனார் சொன்னது எனக்குக் கேட்டது.

“புகை கூட வெளிய போகல பாத்தியா? லெச்சுமி இந்த வீட்ட விட்டு எங்கயும் போகமாட்டா.”

எப்படிப் போவாள்? வழி வேண்டாமா? அவளும் நானும்தான் உள்ளே இருந்தோம்.

கொல்லையில் கிடந்த ஜன்னலைப் பார்த்து, நல்ல தேக்கு மழையில் வீணாகிவிடும் என்று மூத்தார் வருத்தப்பட்டார். வருத்தத்தோடு அதைத் தூக்கி, உசிலம்பட்டிப் பக்கம் காலியாகத் திரும்பிய லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். விற்றுவிடுவார் என்று நினைத்தேன்.

அந்த வருஷம் மாட்டுப் பொங்கலுக்கு எழுமலைக்குப் போனோம். கொட்டத்தின் பாக்கிச் சுவர் எழும்பியிருந்தது. அதில் என் ஜன்னல். ரெண்டு கதவையும் விரியத் திறந்து வைத்திருந்தார்கள். கம்பியோரமாக மூஞ்சியை வைத்துக்கொண்டு எருமை அசைபோட்டுக்கொண்டிருந்தது. தெருவில் பஸ் போனது. அது தலையைத் திருப்பி, பஸ் போய் முடியும்வரை பார்த்தது.

மூத்தார் பெருமையோடு தம்பிக்கு விளக்கினார்.

“கொட்டத்துக்குக் கணக்கெல்லாம் கெடையாது, தம்பி. எருமைக்கு நல்ல காத்து வேணும். அடைச்சுப் போட்டம்னா வெந்து போயி, பாலு வத்திரும்.”

பழக்கத்தில் என் வீட்டுக்காரர் தலையாட்டினார். ஆட்டிக்கொண்டே என் பக்கம் திரும்பியவருக்குத் தலை பாதியில் நின்றுவிட்டது. சாப்பிட்டுக் கை கழுவியதுமே பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிவிட்டார்.

மதுரை பஸ்ஸில் அவர் முதலில் ஏறி இடம் பிடித்தார். நான் வந்ததும் எழுந்து வழிவிட்டார்.

“ஜன்னல் ஓரமா ஒக்காரு, ஒச்சாயி” என்றார்.

உட்கார்ந்தேன். மதுரை வரும்வரை காற்று நன்றாகத்தான் அடித்தது. வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்தேன்.