நல்ல தகடு

"நல்ல தகடு மாமா இது. இதைப் போய் ஏன் அறுத்தீங்க?"

"துரு."

"எங்க துரு? காட்டுங்க பாப்போம்."

மாமா காட்டவில்லை. கிரைண்டரின் வயரைக் கையில் சுற்றிக்கொண்டே, திறந்திருந்த ஷெட் கதவு வழியாக மழையைப் பார்த்தார். நான் டிரெய்லருக்கு அடியில் புகுந்து ஓட்டையின் விளிம்பைச் சுத்தியலால் தட்டினேன். துரு தின்ற தகடு மொத்தென்று சத்தம் போடும். இது கணீரென்றது. பட்டறையில் நாள் முழுக்க வெல்டிங் வைக்கிறவன் நான்; அந்தச் சத்தத்தில் எனக்குச் சந்தேகம் வராது.

மாமா என் அக்காவின் கணவர். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். ராணுவம் ஏலத்தில் கழித்துவிட்ட இந்த இரண்டு சக்கர டிரெய்லரை அவர் இழுத்துவந்தபோது அக்கா நன்றாக இருந்தாள். ரோடு முடிகிற இடத்துக்கும் அப்பால், காட்டுக்குள் இருக்கும் ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தூங்க வேண்டும் என்பது இருவருக்கும் ஆசை. லீவு நாளெல்லாம் மாமா ஷெட்டிலேயே பழியாகக் கிடந்ததால் அக்கா டிரெய்லருக்குச் 'சின்னவள்' என்று பெயர் வைத்தாள். பசித்து அவர் வீட்டுக்குள் வந்தால், "ஏன், சின்னவ சோறு போடலையாக்கும்?" என்பாள்.

பிறகு நோய் அவள் முதுகெலும்புக்குள் இறங்கியது. இனி மருந்து வேண்டாம், வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்ன அன்றும் அவள் ஏரியைப் பற்றித்தான் கேட்டாள். உட்கார்ந்தபடி வர அவளால் முடியாது. அதனால் டிரெய்லரையே அவளுக்குக் கட்டிலாக்கினோம். குண்டுப் பெட்டிகளைச் சுமக்கச் செய்த வண்டி அது. பாரம் இல்லாவிட்டால் ஒவ்வொரு கல்லுக்கும் எகிறும். ஸ்பிரிங் இளகட்டும் என்று அதிலிருந்து பட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். ஒவ்வொன்றையும் கழற்றியபின் மாமா மெத்தையில் மல்லாந்து படுத்துக்கொள்வார். வறண்ட ஆற்றுப்படுகையில் நான் ஜீப்பால் இழுத்துப் போவேன்.

"இப்ப எப்படி மாமா?"

"எனக்குச் சரிதான். அவளுக்கு வலிக்கும். இன்னொண்ணை எடு."

ஒருநாள் ஜீப்பை நிறுத்திவிட்டுப் போய்ப் பார்த்தால் மனிதர் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். வண்டி தயார் என்று அன்றைக்கு நினைத்தேன்.

அதற்கப்புறம்தான் பச்சைப் பெயின்ட் திட்டுத்திட்டாக இருக்கிறது என்று மொத்தத்தையும் சுரண்டினார். சக்கரத்தில் என்னவோ சத்தம் கேட்கிறது என்று பிரித்து மாட்டினார். எனக்குக் கேட்கவில்லை. இப்போது வண்டியின் தரைத்தகடு.

"ஒரு தகட்டுத் துண்டு வச்சு வெல்டு அடிச்சா சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிரும்," என்றேன். "மெஷினை எடுத்துட்டு வர்றேன்."

"வேணாம்."

"ஏன்?"

"முடிஞ்சா போகணும்ல." மழைச் சத்தத்தில் அவர் குரல் சரியாகக் கேட்கவில்லை. நான் அடியிலிருந்து வெளியே வந்தேன். "தினமும் 'ஆச்சா, ஆச்சா'ன்னு கேக்குறா பாரு. அதைக் கேக்குறதுக்காகவாவது கண்ணு முழிக்கிறா. போயிட்டு வந்துட்டா அப்புறம் எதுக்குடா முழிப்பா?"

எனக்கு வந்தது கோபம்தான். ஆளை உலுக்க வேண்டும் போலிருந்தது. நேற்று அவளைத் திருப்பிப் படுக்க வைத்தபோது கையில் கனமே இல்லை, தலையணையைத் தூக்குவதுபோல் இருந்தது என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் வீட்டுப் பக்கக் கதவு திறந்தது. அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமாவின் பழைய ஸ்வெட்டர் அவள் முழங்கால்வரை தொங்கியது. படுக்கையிலிருந்து அவ்வளவு தூரம் எப்படி வந்தாள் என்று தெரியவில்லை. தாங்கிப் பிடிக்கப் போன என்னைக் கையாலேயே தடுத்தாள். ஒவ்வொரு அடியாக வந்து, டிரெய்லரின் விளிம்பைப் பற்றிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். மெத்தையைச் சுருட்டி வைத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஓட்டை. அதன் வழியே ஷெட்டின் சிமெண்டுத் தரை தெரிந்தது.

"சின்னவளுக்கு வயித்துல ஆபரேஷனா?" என்றாள்.

அவளுக்கு மூச்சு வாங்கியது. மாமா வயரைச் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். அவள் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏங்க, அதுமேல ஒரு பலகையைப் போட்டா ஆச்சு. நாளைக்குக் காலைல என்னைக் கூட்டிட்டுப் போறீங்களா?"