பத்து நிமிடம்

மாதா கோயில் அணியிடம் மூன்று வருடமாகத் தோற்று வந்த எங்கள் சபை அணி, அன்று சூரியநெல்லி மைதானத்தில் ஒரு கோல் முன்னால் நின்றது. இன்னும் பத்து நிமிடம் தாங்கினால் கோப்பை எங்களுக்கு.

அப்போதுதான் வாட்ஸ்அப்பில் வனத்துறையின் யானை எச்சரிக்கை வந்தது. மைதானத்துக்குக் கீழே தேயிலைக்காட்டில் ஒற்றை யானை நிற்கிறது, யாரும் இறங்க வேண்டாம் என்று. ஆட்டத்தின் கூச்சலில் வேறு யாரும் செல்போனைப் பார்க்கவில்லை.

சொன்னால் ஆட்டம் நின்றுவிடும். இன்னொரு நாள் முதலிலிருந்து ஆட வேண்டும். சபையின் வாலிபர் சங்கச் செயலாளரான நான் செல்போனைப் பைக்குள் போட்டுவிட்டுக் கண்ணை மூடினேன். 'ஆண்டவரே, பத்து நிமிடம் அதை அங்கேயே நிறுத்தி வையும்.' ஞாயிறுதோறும் ஜெபிக்கிறவன்தான்; இவ்வளவு உருக்கமாக ஒருநாளும் ஜெபித்ததில்லை.

கண்ணைத் திறந்தபோது எங்கள் அணிப் பையன் ஒருவன் உதைத்த பந்து கோல் கம்பத்துக்கு மேலே பறந்து சரிவில் உருண்டது. மாதா கோயில் கோல்கீப்பர் செபாஸ்டின் அதை எடுக்க ஓடினான். கீழே மரக்கிளை முறியும் சத்தம் கேட்டது. நான் கத்தினேன்.

"செபாஸ்டினு, போகாத. கீழ ஆனை நிக்குது."

அவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

"ஒரு கோல் போட்டாச்சுன்னு நேரத்தக் கடத்தப் பாக்குறீகளாண்ணே? ஜெபம் பண்ற வாயால பொய் சொல்லாதீக."

நான் செல்போனை எடுத்து உயர்த்திக் காட்டினேன். அதற்குள் அவன் முதுகைக் காட்டிவிட்டான். தேயிலைச் செடிகளுக்கு மேலே கொஞ்ச நேரம் அவன் தலை தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை.