கண்ட்ரோலுக்கு எதுக்கு நல்ல நேரம்

பிஸ்கட்டவே என்ற ஊரில் எங்கள் கம்பெனி ரொம்பச் சின்னது. 1999இல் அது நம்பியிருந்தது ஒரே ஒரு மருந்து மூலக்கூறை. எலிக்குட்டியின் மண்டையோட்டுச் செல்களுக்கு அதைக் கொடுத்தால், ‘எலும்புச் செல்லாக மாறு’ என்று உத்தரவிடும் ஜீன் பல மடங்கு வேலை செய்கிறது என்று காட்டியவர் சபரிநாதன். அன்று மதியம் முதலீட்டாளர்கள் வருவதாக இருந்தது. பணம் போட்டால் எனக்கும் அவருக்கும் கிரீன் கார்டு அப்ளை பண்ணுவார்கள். போடாவிட்டால் கம்பெனியை மூட வேண்டியதுதான், விசாவும் போச்சு.

ஒருத்தர் செய்த சோதனையை இன்னொருத்தரும் செய்து பார்ப்போம். காலையில் என் ஃபிலிமைக் கழுவி எடுத்தேன். ஜீன் எவ்வளவு வேலை செய்கிறதோ அவ்வளவு கறுப்பாக அதில் பட்டை விழும். மருந்து போட்ட செல், போடாத கண்ட்ரோல் செல், இரண்டின் பட்டையும் ஒரே அளவு கறுப்பு. ஃபிலிமோடு சபரிநாதனின் மேசைக்குப் போனேன்.

“சபரிண்ணா, கண்ட்ரோலுக்கும் மருந்துக்கும் ஒண்ணாத்தானே மீடியம் மாத்துனீங்க?”

மனுஷன் டோனட் தின்றுகொண்டே சொன்னார். “கண்ட்ரோல முன்னாடியே முடிச்சிருவேன். மருந்து மட்டும் ராகுகாலம் போனப்புறம்.”

“ஒவ்வொரு தடவையுமா?”

“வெள்ளிக்கிழமைதானே செட்டப் பண்றோம். கண்ட்ரோலுக்கு எதுக்கு நல்ல நேரம்?”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த டோனட்டைப் பிடுங்கி எறிந்திருப்பேன். செல் வளரும் சத்துநீரான மீடியத்தைப் புதிதாக ஊற்றினாலே அந்த ஜீன் கொஞ்ச நேரம் துள்ளிவிட்டு அடங்கும். நான் இரண்டுக்கும் ஒன்றாகவே ஊற்றியிருந்தேன். அவர் செல்லை எடுக்கும்போது கண்ட்ரோல் அடங்கிவிட்டது, பிந்தி ஊற்றிய மருந்துத் தட்டு இன்னும் துள்ளிக்கொண்டிருந்தது. அதைப் போய் மருந்தின் மகிமை என்று கொண்டாடியிருக்கிறோம்.

ஃபிலிமை நீட்டியதும் அவருக்கும் புரிந்துவிட்டது. டோனட்டைக் கீழே வைத்தார். “செல்வி, இன்னிக்கு மட்டும் சும்மா இரு. பணம் வரட்டும், அப்புறம் மெதுவா ரிப்பீட் பண்ணிக்கலாம். கவினுக்கு இந்த ஊர விட்டா வேற ஊர் தெரியாது.”

கவின் அவர் மகன். எனக்கு மட்டும் ஊரில் தோட்டமும் துரவுமா காத்துக்கிடக்கிறது? ஆனால் முழுப் பூசணிக்காயை எத்தனை நாள் சோற்றில் மறைப்பது? ஃபிலிமை எடுத்துக்கொண்டு டைரக்டர் ஹார்ட்மனின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு ஃபோனை எடுத்து, வருகிறவர்களை வர வேண்டாம் என்றார்.

சாயங்காலம் பனி கொட்டியது. என்னிடம் கார் கிடையாது, தினமும் சபரிநாதனின் காரில்தான் வீட்டுக்குப் போவேன். நடந்தே போய்விடலாமா என்று வாசலில் நின்றேன். அவர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, உள்ளிருந்தே கதவைத் திறந்துவிட்டார்.

“ஏறு” என்றார். வண்டி மெயின் ரோட்டுக்கு வந்தது. பிறகு ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

“உன் இடத்துல நான் இருந்தா சொல்லியிருக்க மாட்டேன். வீட்ல என்ன சொல்றதுன்னு மட்டும் நீயே சொல்லிக் குடு.”