மீன் தராசில் ஒரு கோ-கார்ட்

சக்கரத்தைக் கண்டுபிடித்த பிறகு மனித இனம் செய்த அடுத்த உருப்படியான காரியம், 2009 பிப்ரவரியில், சிதம்பரத்திலிருந்து கடலூர் போகிற வழியில் இருக்கும் எங்கள் கல்லூரி ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் நடந்தது. செய்தது நான். எங்கள் கோ-கார்ட்டின் பின் அச்சுக்கு இருபத்துநாலு பல் போதும் என்று முடிவெடுத்தேன்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். கோ-கார்ட் என்பது கதவு, கூரை, ஸ்பிரிங் எதுவும் இல்லாமல் தரையை உரசிக்கொண்டு ஓடும் நாலு சக்கர வண்டி. மெக்கானிக்கல் கடைசி வருடத்தில் எங்கள் மூன்று பேருக்கும் அதுதான் புராஜெக்ட். திட்டக்குடி மணவாளன் ஃபிரேம் முழுவதையும் ஒற்றை ஆளாக வெல்டிங் செய்தான். ஆள் எடை நூற்றிநாலு கிலோ. வகுப்பில் யாருடைய பெஞ்ச் உடைந்தாலும் முதலில் அவனைத்தான் பார்ப்பார்கள். அவனும் எழுந்து நின்று தன் பெஞ்ச்தானா என்று பார்த்துக்கொள்வான். மாலதி கடலூர் முதுநகர். அவள் அப்பா தேவசகாயம், துறைமுகத்தில் ஐஸ் பெட்டி ஏற்றும் மூன்று சக்கர மீன்பாடி வண்டிகளுக்குப் பழைய இன்ஜின் பொருத்திக் கொடுப்பவர். மூன்றாவது ஆள், சிதம்பரம் கீழவீதி சபாபதி, நான். நாற்பத்தொன்பது கிலோ, மூளையையும் சேர்த்து.

இன்ஜின் விஷயத்தில் எனக்குப் பெரிய கனவு இருந்தது. நூற்றைம்பது சிசி, ஐந்து கியர். அந்த இன்ஜின் கனவில் மட்டும்தான் கிடைத்தது. மணவாளன் மங்கலம்பேட்டை மாமா வீட்டுக் கொட்டகையிலிருந்து ஒரு செத்துப்போன மொபெட்டைத் தூக்கி வந்தான். எழுபது சிசி. கியரே கிடையாது.

"கியர் இல்லாட்டி நல்லதுதான்" என்றாள் மாலதி. "கிளட்ச் தானா புடிக்கும். கியர் ராடு, கிளட்ச் ஒயர் எதுவும் வேணாம். வெயிட்டும் கம்மி."

"முறுக்குனா போவும், விட்டா நிக்கும். இது வண்டியா, கிரைண்டரா?"

"நீ வாங்கித் தரியா வேற?"

நான் பெருந்தன்மையாக மொபெட்டை ஏற்றுக்கொண்டேன்.

கியர் இல்லாத இன்ஜினில் நம் கையில் இருப்பது ஒன்றே ஒன்றுதான்: செயினின் இரண்டு முனையிலும் மாட்டும் பல்சக்கரங்கள். இன்ஜின் பக்கம் பன்னிரண்டு பல். அதை மாற்ற முடியாது. பின் அச்சில் மாட்டும் சக்கரத்தில் பல் குறைந்தால் வேகம் ஜாஸ்தி, இழுவை கம்மி. பல் கூடினால் நேர் எதிர். இருபத்துநாலு மாட்டினால் மணிக்கு நாற்பத்தேழு கிலோமீட்டர் போகும் என்று நான் கணக்குப் போட்டேன். கணக்கு சரி. அந்தக் கணக்கில் ஒரு தவறும் கிடையாது. இன்றைக்கும் யாரிடம் வேண்டுமானாலும் காட்டுவேன், இரண்டாம் பக்கத்தைத் தவிர.

மாலதி திங்கட்கிழமை பஸ்ஸில் ஒரு சாக்குப்பையோடு வந்தாள். உள்ளே நாற்பது பல்லோடு ஒரு பெரிய சக்கரம். கூடவே மீன் எடை போடும் கொக்கித் தராசு, ஐம்பது கிலோ வரை முள் ஓடுவது.

"எங்க அப்பா கணக்கெல்லாம் போடமாட்டார்" என்றாள். "வண்டியில முழு லோடு ஏத்தி, தராசைக் கயித்துல மாட்டி, பாலத்து மேல கையால இழுத்துப் பாப்பார். முள்ளு எங்க நிக்குதோ அவ்ளோ இழுவை வேணும். அப்பறம் வண்டியப் பின்னால மரத்துல கட்டி, நடுவுல தராசை மாட்டி, இன்ஜினை முறுக்குவார். இன்ஜின் எவ்ளோ இழுக்குதுன்னு முள்ளு காட்டும். பத்தலன்னா பெரிய சக்கரம். நம்மளும் ஒருவாட்டி பாத்துடலாம், மணவாளனை உக்கார வச்சி."

நான் தராசை வாங்கிக் கொக்கியைத் தட்டிப் பார்த்தேன். "எதுக்கு? வஞ்சிரமா, கொடுவாவான்னு பாக்கவா? நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சிட்டுக் கடைசில வண்டியக் கொக்கியில மாட்டித் தொங்க விடணுமா? செவுளைத் தொறந்து பாத்து, ஃப்ரெஷ்ஷா இருந்தா ஓட்டலாமா?"

மணவாளன் சிரித்தான். அவன் எல்லாவற்றுக்கும் சிரிப்பான். மாலதி தராசை ஒர்க்‌ஷாப் சுவரில் ஓர் ஆணியில் மாட்டிவிட்டு, "சரி, நீயே ஓட்டு" என்றாள்.

ஓட்டினேன். சமதளத்தில் வண்டி பறந்தது. மாலதி ஓட்டியபோதும் ஓடியது. மணவாளன் உட்கார்ந்தால் மட்டும் கிளம்பும்போது பின்னாலிருந்து ஒருவர் தள்ள வேண்டியிருந்தது. அதை ரிப்போர்ட்டில் 'இயக்கத் தொடக்க முறை' என்று எழுதி, பைண்டிங்கும் செய்து வாங்கி வைத்துவிட்டேன்.

ரிவ்யூவுக்கு நாலு நாள் முன்பு சிங்காரம் சார் வந்தார். புராஜெக்ட் பொறுப்பு அவருடையது.

"மூணு பேரும் ஆளுக்கு ஒரு ரவுண்டு தனியா ஓட்டணும். போன வருஷம் ஒரு குரூப்ல பாதிப் பேருக்கு வண்டிய ஸ்டார்ட் பண்ணவே தெரியல, எல்லாவனும் மார்க் வாங்கிட்டுப் போயிட்டான். இந்தத் தடவ ஓட்டாதவனுக்கு மார்க் இல்ல. யாரும் தள்ளக்கூடாது. கிரவுண்டைச் சுத்தி வந்து, அந்தச் சரிவுல ஏறி மேல வந்து நிறுத்தணும். மார்க் போட வெளியிலேருந்து வர்ற எக்ஸ்டர்னல் அங்கதான் உக்காருவார்."

"சரிவுல எதுக்கு சார்?"

"மேலதான்டா நிழல் இருக்கு."

அது ஒர்க்‌ஷாப்புக்குச் சாமான் ஏற்றும் சிமெண்ட் சரிவு. ரொம்ப உயரமில்லை. அதுவரை அது எங்கள் கண்ணிலேயே பட்டதில்லை.

அன்றைக்கு மத்தியானமே ஏறிப் பார்த்தோம். நான் தூரத்திலிருந்து வேகம் பிடித்து வந்து ஏறினேன். மாலதி முக்கால்வாசியில் முனகி, ஏறிவிட்டாள். மணவாளன் பாதியில் நின்றான். இன்ஜின் கத்தியது. கிளட்ச்சிலிருந்து கருகிய வாசனை வந்தது. வண்டி மெதுவாகப் பின்னோக்கி உருண்டது. இன்னொரு முறை வந்தான். அதே இடம், அதே வாசனை. மூன்றாவது முறை வரவில்லை. இறங்கி, வண்டியை அவனே தள்ளிக்கொண்டு போய் ஷெட்டில் விட்டான்.

மாலதி கடலூர் பஸ்ஸுக்குப் போன பிறகு மணவாளன் என்னைக் கேன்டீன் பின்பக்கம் கூப்பிட்டான்.

"மச்சான், ரிவ்யூ அன்னிக்கி எனக்குக் காய்ச்சல்னு சொல்லிடுங்க. நீங்க ரெண்டு பேரும் ஓட்டிடுங்க."

"அப்ப உன் மார்க்கு?"

"அடுத்த செமஸ்டர்ல வேற எதனா செஞ்சி குடுத்துக்குறேன்."

"ஓசூரு?" கேம்பஸில் ஓசூர் கம்பெனிக்குத் தேர்வானது எங்கள் மூவரில் அவன் மட்டும்தான். ஜூன் மாதம் பாஸ் பண்ணிய சான்றிதழோடு வரச் சொல்லியிருந்தார்கள். திட்டக்குடியில் அவன் அம்மா கொளஞ்சியம்மாள் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டிருந்தார்.

"லெட்டர் எழுதிப் பாக்குறேன். அவுங்க வெயிட் பண்ணமாட்டாங்கதான்." டீ கிளாஸைக் கழுவும் இடத்தில் வைத்தான். "வண்டி மேல என்னா தப்பு இருக்கு? வெயிட்டு என்னுது."

நான் அறைக்குப் போய் ரிப்போர்ட்டைப் பிரித்தேன். இரண்டாம் பக்கத்தில், என் அழகான கையெழுத்தில், 'ஓட்டுநர் எடை: 49 கிலோ' என்று இருந்தது. அந்த வண்டியை வேறு யாரும் ஓட்டுவார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஃபிரேமை வெல்டிங் செய்தவன் உட்பட.

மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். மணவாளனையும் வரச் சொல்லியிருந்தேன்.

"செயின் லூஸா இருக்கான்னு பாக்கணும். நீ உக்காரு."

"அதுக்கு நான் எதுக்குடா?"

"லோடுல பாத்தாதான் தெரியும். இன்ஜினைத் தொடாத. பிரேக்கையும் தொடாத."

அவன் உட்கார்ந்தான். நான் ஆணியிலிருந்து தராசை எடுத்தேன். வண்டியின் முன்பக்கம் ஒரு கயிறு, கயிற்றில் கொக்கி, தராசின் மேல்வளையத்தை என் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சரிவில் பின்னோக்கி ஏறினேன். நாற்பத்தொன்பது கிலோ ஆள் நூற்றிநாலு கிலோ ஆளை வண்டியோடு இழுக்கிற காட்சி எப்படி இருந்தது என்று நான் சொல்லப்போவதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பாதிச் சரிவு வரைக்கும் இழுத்து, முள்ளைப் பார்த்தேன். இருபத்தெட்டு. சந்தேகத்துக்கு இன்னொரு தடவை. இருபத்தெட்டேதான்.

"சபா, என்னாடா பண்ற?" என்றான் மணவாளன்.

"அசையாத உக்காரு."

அப்புறம் வண்டியின் பின்பக்கத்தை ஷெட்டுக்கு வெளியே இருந்த வேப்பமரத்தில் கட்டி, நடுவில் தராசை மாட்டி, முறுக்கினேன். என் இருபத்துநாலு பல் இருபது கிலோ காட்டியது. அதற்கு மேல் எவ்வளவு முறுக்கினாலும் புகைதான்.

மணவாளனிடம் ஸ்பேனர் எடுத்துத் தரச் சொன்னேன். எடுத்து வந்தான். இரண்டு பேருமாக அச்சைக் கழற்றி, மாலதியின் சாக்குப்பையிலிருந்த நாற்பது பல் சக்கரத்தை மாட்டி, செயினில் கூடுதல் கண்ணி சேர்த்து முடிக்கும்போது மணி பத்தரை. இனி இந்த வண்டி மணிக்கு இருபத்தெட்டு கிலோமீட்டருக்கு மேல் போகாது. சைக்கிளில் போகிறவன் கொஞ்சம் மனசு வைத்தால் முந்திவிடலாம்.

மாலதி அப்போதுதான் வந்தாள். மரம், கயிறு, கொக்கி, நான் எல்லாவற்றையும் பார்த்தாள். பையைக் கீழே வைத்துவிட்டுத் தராசுக்குப் பக்கத்தில் குந்தி, முள் தெரிகிற மாதிரி அதைத் திருப்பிப் பிடித்துக்கொண்டாள்.

நான் மெதுவாக முறுக்கினேன். கயிறு விறைத்தது. மாலதி சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தாள்.

"பதினெட்டு... இருபத்தி மூணு... இருபத்தெட்டு தாண்டிடுச்சி. முறுக்கு, முறுக்கு. முப்பது... முப்பத்தி மூணு. அவ்ளோதான், விடு."

மணவாளன் என்னைத் தாண்டி வந்து, மரத்திலிருந்த முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தான்.

நான் ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தை முழங்காலில் வைத்து, 49ஐ அடித்துவிட்டு, பக்கத்தில் 104 என்று எழுதினேன்.