யாரும் இடிக்காத அச்சு

1

அன்று வீட்டில் இருந்தவர்கள்: வார்ப்பு ஆலையில் முப்பத்தோரு வருடம் அச்சுக் கட்டிய அப்பாவு, அதாவது நான், என் மனைவி பூவம்மா, மகன் பீம்ராவ், அவனைக் கட்டிக்கொண்டு வந்து ஐந்தே மாதமான மருமகள் மதி, ஆராய்ச்சி மாணவியான மகள் சங்கமித்ரா. வேறு யாரும் இல்லை. இடம் தண்டையார்பேட்டை. நாள், 2006 பொங்கலுக்கு மறுநாள்.

மகளின் ஆராய்ச்சியைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி நம் தெரு வாசகசாலை மலருக்குக் கேட்டார்கள். குடும்பப் பெருமையைச் சொல்ல இடம் கிடைத்ததென்று ஒப்புக்கொண்டேன். இந்தக் கதையின் பிறப்பு அவ்வளவுதான். முதல் வரி இப்படி வந்தது:

எங்கள் குடும்பத்தில் இதுவரை ஒருவர்கூடத் தலைகுனிந்து

அதற்கு மேல் ஓடவில்லை. அடிக்கவும் மனமில்லை. கிடக்கட்டும்.

2

ஆய்வகக் கட்டடத்தில் மின்வேலை நடந்ததால், விடுமுறை முடியும்வரை தன் நான்கு குப்பிகளையும் தெர்மாகோல் பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள் சங்கமித்ரா.

"இன்னாம்மா, வெறுந்தண்ணி மாதிரி கீது?"

"புரதம் நைனா. குதிரை மண்ணீரல்ல இருந்து எடுத்தது. இருபத்துநாலு துண்டு தானா சேந்து ஒரு பந்தாவும். உள்ள காலி. ஒரு தலமயிர் அகலத்துல ஆறாயிரம் பந்து அடுக்கலாம்."

"காலியா வச்சினு இன்னா பண்ணுவே?"

"உள்ள கோபால்ட்டை வளக்கணும். பந்துக்குள்ள எவ்ளோ எடம் கீதோ அவ்ளோதான் வளரும். எல்லாம் ஒரே அளவுல வரும்."

"அப்போ இது அச்சு."

"அச்சேதான்."

"மண்ணு யாரு இடிக்கிறது?"

"யாரும் இடிக்கல. அதுவா கட்டிக்குது."

"இடிக்காம அச்சு நிக்குமா? யார்கிட்ட வுட்ற?"

"நிக்குது நைனா. நீ தோள்பட்ட தேய இடிச்சத, இது சத்தமே இல்லாம பண்ணுது. உனுக்குப் பேஜாராத்தான் இருக்கும்." சிரித்துக்கொண்டே என் வலது தோளை அழுத்திவிட்டாள்.

[இதுவரை நான் எழுதியதில் உண்மையான வாக்கியம் இந்தக் கடைசி வாக்கியம்தான்.]

பிறகு சமையலறைக்குப் போய், ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் குப்பிகளை வைத்துவிட்டு, மேலே ஐஸ் பெட்டியில் வைத்தால் கெட்டுவிடும் என்று பூவம்மாவிடமும் மதியிடமும் சொன்னாள். நான் கூடத்தில் இருந்தேன். ஃபிரிட்ஜ் பெண்களின் இடம் என்று அவளும் நினைத்தாள்.

* வாசகருக்கு ஒரு குறிப்பு. ஈரமண்ணைப் பெட்டியில் இடித்து அச்சுக் கட்டுவோம். அது இறுகாமல் இரும்பை ஊற்றினால் அச்சு உடைந்து இரும்புக் குழம்பு காலில் ஓடும். ஒரு தோழரின் பாதம் அப்படிப் போனதைப் பார்த்திருக்கிறேன். அதனால் அச்சு இறுகும்வரை எங்களில் எவனுக்கும் கை நிற்காது.

3

மறுநாள் மத்தியானம் குப்பிகள் ஐஸ் பெட்டியில் இருந்தன. கல்லாக உறைந்திருந்தன. உருகியதும் தண்ணீர் கலங்கி, அடியில் வெள்ளையாக ஏதோ படிந்தது.

"பந்தெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு," என்றாள் சங்கமித்ரா. "நாலு மாச வேல. யாரு மேல வச்சது?"

பூவம்மா மதியைப் பார்த்தாள்.

"நான் இல்ல அத்தே."

"அப்போ குப்பிக்குக் காலு மொளச்சுதா?"

"வுடும்மா. மறுபடி பண்ணிக்கலாம்," என்றாள் மகள்.

[இங்கே அப்பாவு என்ற பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது. முதுகு வளையாமல் நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாளை உயர்த்திப் பிடித்திருக்கிறார். அவ்வளவு நேர்மையான மனிதர் ஏன் வாயே திறக்கவில்லை? எழுதுகிறவனுக்குத் தெரியாமல் போகுமா?]

மூன்று மாதமாயிற்று. மதி ஃபிரிட்ஜைத் திறப்பதில்லை. இந்தச் சித்திரை வெயிலிலும் பானைத் தண்ணீர்தான் குடிக்கிறாள். மீந்த குழம்பை மேடையில் வைத்துவிட்டு, "அத்தே, இத்த உள்ள வச்சிடுங்க," என்று கூப்பிடுகிறாள். அந்தக் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

4

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

கரன்ட் போனதால் கெட்டது என்று ஒன்று. கரன்ட் போனால் ஐஸ் உருகத்தான் செய்யும். கிழித்துவிட்டேன்.

பீம்ராவ் கூல்டிரிங்ஸுக்கு இடம் பண்ணுவதற்காகக் குப்பிகளை

பின்னால் நின்று படித்துவிட்டான். "இன்னா நைனா, என் தலையில கட்டுறியா? அன்னிக்கு எட்டு மணி வரைக்கும் தூங்கினு இருந்தேன். எனுக்கு மதி சாட்சி. உனுக்கு யாரு சாட்சி?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டான். நான் சிரிக்கவில்லை.

மூன்றாவது முடிவு கீழே இருக்கிறது. அதைப் படித்தபின் மதி என்னைப் பழையபடி மாமா என்று கூப்பிடுவாளா, சங்கமித்ரா இனி என் தோளைத் தொடுவாளா என்பதை நான் எழுதப்போவதில்லை. அது என் கையில் இல்லை. இந்தத் தெருவில்தானே இருக்கிறீர்கள், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

குழாயடியில் ஒரு பேச்சு ஓடுகிறது. அப்பாவு வீட்டு மருமகள் நாத்தனார்மேல் பொறாமைப்பட்டு ஆராய்ச்சியைக் கெடுத்தாள் என்று. தவறு. மதி அந்தக் குப்பிகளைத் தொடவே இல்லை. அச்சு இறுகட்டும் என்று காலை ஆறரை மணிக்கு அவற்றை மேலே எடுத்து வைத்தவன் நான்.