பதினோரு வீட்டுக்கு ஒரே செயலி

திங்கட்கிழமை மருந்துக்கடைக்காரரை விசாரணைக்குக் கூட்டிப்போனார்கள். புதன்கிழமை நாலாம் மாடிக் கணக்கு வாத்தியாரை. வாத்தியார் மட்டும் மறுநாள் திரும்பி வந்தார். வந்தவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அவர் மனைவிதான் மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போது அண்ணியின் காதில் போட்டாள். "ஃபோன்ல அவர் என்னென்ன படிச்சாரோ, எல்லாத்தையும் தேதி நேரத்தோட அச்சடிச்சு மேசைமேல வச்சிருந்தாங்களாம்."

அண்ணி வந்து சொன்னதிலிருந்து, அதே கட்டடத்தில் அண்ணன் குடும்பத்தோடு இருந்த தங்கைக்கு இருப்புக் கொள்ளவில்லை. சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் மென்பொருள் எழுதுகிறவள் அவள். அரசாங்கம் செய்தித் தளங்களை மூடி ஒரு மாதமாகிறது. அந்தக் கட்டடத்தில் பாதிப் பேர் ஒரே விபிஎன் செயலியைப் போட்டுத்தான் படித்தார்கள். யார் எதைப் பார்க்கிறார்கள் என்று தெரியாமல் மறைப்பதற்குத்தானே அந்தச் செயலி? பிறகு எப்படித் தாளில் ஏறியது?

சனிக்கிழமை காலை அண்ணன் டாக்சி ஓட்டக் கிளம்புமுன், அவன் ஃபோனிலிருந்த செயலியைத் தன் லேப்டாப்பில் பிரதி எடுத்துக்கொண்டாள். அந்தச் செயலியை எழுதிய மூல நிரல், சோர்ஸ் கோடு, யாரும் எடுத்துப் பார்க்கும்படி இணையத்தில் திறந்தே கிடந்தது. ஒப்பிட்டுப் பார்க்க, அதே பதிப்பை இறக்கி அதிலிருந்து செயலியைத் தானே உருவாக்க, பில்டு செய்ய, உட்கார்ந்தாள். முதல் தடவை ஜாவா பொருந்தவில்லை என்று நின்றது. அடுத்த தடவை ஏதோ ஒரு கோப்பைக் காணோம் என்று முரண்டு பிடித்தது. நாலாவது தடவை, அண்ணி வைத்துவிட்டுப் போன காபி ஆறி ஆடை படிந்த பிறகு, ஒருவழியாக முடிந்தது.

இரண்டையும் பிரித்து அருகருகே வைத்துப் பார்த்தாள். எல்லாம் ஒத்துப்போயின. அண்ணன் ஃபோனில் இருந்ததில் மட்டும் சின்னதாக ஒரு கோப்பு கூடுதல். திறந்து படித்தாள். பார்க்கும் பக்கம் ஒவ்வொன்றின் முகவரியையும், ஃபோன் எண்ணோடு சேர்த்து, அது வேறோர் இடத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.



மதியம் அண்ணன் சாப்பிட வந்ததும் கேட்டாள். "அண்ணா, இந்த விபிஎன்னை உனக்கு யார் அனுப்பினா?"

"விளையாடுறியா? நீதானே அனுப்பின."

ஃபோனை நீட்டினான். அவள் எண், அவள் படம். 'அண்ணோவ், ஸ்டோர்ல இதைத் தூக்கிட்டாங்க. இந்த ஃபைலைப் போட்டுக்கோ, நான் பாத்துட்டேன்.' வம்புக்கு இழுக்கும்போது மட்டும் அவள் எழுதும் அந்த 'அண்ணோவ்' கூட அதில் இருந்தது. தேதியைப் பார்த்தாள். அவள் சிம் அரை நாள் செத்துக் கிடந்து, தானாக உயிர்பெற்ற நாள் அது. டவர் கோளாறு என்று அன்றைக்கு விட்டுவிட்டாள். அந்த அரை நாள் அவள் எண் வேறு யார் கையிலோ இருந்திருக்கிறது.

"நான் இதை அனுப்பல."

அண்ணன் கை தட்டிலேயே நின்றது. "பதினோரு வீட்டுக்கு அனுப்பியிருக்கேனே. என் தங்கச்சி பாத்துக் குடுத்தது, கண்ணை மூடிட்டுப் போடுங்கன்னு."

அவள் செருப்பை மாட்டினாள்.

"ஃபோன்லயே சொல்லிடேன்" என்றாள் அண்ணி.

"எந்த ஃபோன்ல அண்ணி?"

வீடு வீடாகப் போனாள். அழித்துவிடுங்கள், அது என் பேரில் வேறு யாரோ அனுப்பியது என்று சொன்னாள். சிலர் நம்பினார்கள். சிலர் தலையை ஆட்டிக் கதவைச் சாத்தினார்கள். ஆறாவது, மருந்துக்கடைக்காரரின் வீடு. அவர் மனைவி சங்கிலியைக் கழற்றாமலேயே பேசினாள்.

"அவரை இன்னும் விடல. நேத்து பாக்க விட்டாங்க. திரும்பத் திரும்ப ஒண்ணையேதான் கேக்குறாங்களாம், யார் குடுத்தாங்கன்னு."

"என்ன சொன்னார்?"

"உங்க பேரைச் சொல்லிட்டார். வேற யாரைம்மா சொல்லுவார்?"

கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. கீழே ஏதோ வண்டி வந்து நிற்கும் சத்தம். இன்னும் ஐந்து வீடு பாக்கி இருந்தது. தங்கை மேல்மாடிக்கு ஏறி அடுத்த வீட்டு மணியை அழுத்தினாள்.